ஸ்டிக் செய்து முடித்த பிறகு பழைய கேம்பேடைத் திறந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய கேம்பேடின் திசைப் பொத்தான்களான டி-பேடுக்கு அடியில் புது ரப்பர் போட்டேன். அரை மணி நேர வேலை. மூடி, கேபிளைச் செருகி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டத்தின் ட்ரெயினிங் மோடில் வலது பக்கம் நின்று, ரியு என்ற வீரரின் ஷோர்யுகென் அடியை 50 தடவை போட்டுப் பார்த்தேன். 45 வந்தது. இரண்டரை மாதத்துக்கு முன்னால் இதே பேடில், இதே பக்கத்தில், இதே அடி 33 தடவைதான் வந்திருந்தது. அந்த 33-ஐப் பார்த்துத்தான் பேட் எனக்கு ஒத்துவராது, லீவரும் பெரிய பொத்தான்களும் உள்ள ஆர்கேட் ஸ்டிக் பெட்டிதான் வழி என்று முடிவு செய்தேன். மரம் அறுத்து, ஓட்டை போட்டு, ஒயர் இழுத்து ஒரு ஸ்டிக்கையே செய்து முடித்தும் விட்டேன்.

ஸ்டிக் செய்ததில் வருத்தம் இல்லை. தினமும் அதில்தான் விளையாடுகிறேன். ஆனால் எதை எதோடு ஒப்பிட்டேன் என்பதில் பெரிய தவறு இருந்தது. பேடா ஸ்டிக்கா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கெடுத்த விதம். தினமும் பத்து நிமிடம் கை சூடேறும்வரை விளையாடிவிட்டு, ட்ரெயினிங் மோடில் ஒவ்வொரு அசைவையும் 50 தடவை போடுவேன். திரையோரத்தில் நான் கொடுக்கும் திசைகள் வரிசையாக ஓடும். அடி வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் எந்தத் திசை விட்டுப்போனது என்று குறிப்பு. பேடும் சரி, ஸ்டிக்கும் சரி, கேபிள் வழியாகத்தான். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிநொடி. ஒன்றில் கம்பி, இன்னொன்றில் கம்பியில்லா இணைப்பு என்றிருந்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

திசைகளைக் கீபோர்டின் நம்பர் பேட் எண்களால் குறிக்கிறேன்: 6 முன்னால், 4 பின்னால், 2 கீழே, 3 கீழும் முன்னும் சேர்ந்த மூலை. ரியுவின் இன்னொரு அடியான ஹடோகென் 236, ஷோர்யுகென் 623. மூன்றாவதாக ஸாங்கீஃப் என்ற வீரரின் முழு வட்டம், 360 டிகிரி. எதிராளியின் இடது பக்கம் நின்று ஒரு கணக்கு, வலது பக்கம் நின்று ஒரு கணக்கு. பேடில் தொடக்கத்தில் வந்த எண்கள்: 236 இடப்பக்கம் 48, வலப்பக்கம் 42. 623 இடப்பக்கம் 43, வலப்பக்கம் 33. வட்டம் 19.

இதோடு இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தும் சோதனையும் வைத்தேன். எதிராளியின் அடியைத் தடுக்கும் டிரைவ் பாரிக்கு மீடியம் பஞ்ச், மீடியம் கிக் இரண்டும் சேர்ந்து விழ வேண்டும். பேடின் வழக்கமான அமைப்பில் இவை முகப்பில் சாய்வாக அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொத்தான்கள். கட்டைவிரலைப் படுக்கப் போட்டுத்தான் அழுத்த முடியும். 50-க்கு 38. ஹெவி பஞ்சும் ஹெவி கிக்கும் மேலே தோள்பட்டைப் பொத்தான்களில். அவற்றில் கீழே இருக்கும் டிரிகர் ஆழமாக இறங்கும் வகை என்பதால், அதிலுள்ள ஹெவி கிக் எப்போதும் நினைத்ததைவிடத் தாமதமாகவே வந்தது. ஒரு மணி நேரம் ஆனால் இடது கட்டைவிரலின் அடிமூட்டும் வலிக்கும்.

அந்தக் கட்டத்தில் பேடை ஒருமுறை திறந்தேன். பின்புற ஸ்க்ரூக்களைக் கழற்றி, டி-பேடின் ரப்பரைத் தூக்கி, அதன் அடியிலிருக்கும் கருப்புக் கார்பன் பொட்டுகளையும் போர்டில் அவை தொடும் இடங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். அழுக்கு நிறைய வந்தது. மூடிப் பார்த்தால் 33 என்பது 35 ஆனது. சரி, பேடில் குறையில்லை, குறை என் விரலில்தான் என்று மூடி வைத்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவேன்.

ஸ்டிக் வாங்காமல் செய்ய நினைத்ததற்குக் காரணம், கெட்டுப்போனால் எந்த உறுப்பையும் தனியாகக் கழற்றி மாற்றலாம் என்பதுதான். லீவர் சான்வா ஜேஎல்எஃப், பொத்தான்கள் அதே நிறுவனத்தின் ஓபிஎஸ்எஃப்-30, எட்டு. இவை ஓட்டையில் அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கிகளால் மாட்டிக்கொள்ளும் வகை, ஓட்டை அளவு 30 மி.மீ. ஸ்டார்ட் போன்றவற்றுக்கு 24 மி.மீ. பொத்தான் இரண்டு. மூளைக்கு ராஸ்பெர்ரி பை பிகோ போர்டு, அதில் ஜிபி2040-சிஇ என்ற திறமூல ஃபர்ம்வேர், அதாவது போர்டை இயக்கும் மென்பொருள்.

மரத்தில் கை வைப்பதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி வெட்டினேன். இந்த ஒன்றைத்தான் முழுக்கச் சரியாகச் செய்தேன் என்று சொல்வேன். பொத்தான்களின் மையத்துக்கு மையம் 36 மி.மீ. வைத்து வட்டங்கள் வரைந்து, கையை அதன்மேல் வைத்து, விரல்கள் இயல்பாக எங்கே விழுகின்றன என்று பென்சிலால் குறித்தேன். ஆள்காட்டி விரலுக்கான முதல் வரிசை மற்ற மூன்றைவிடக் கிட்டத்தட்ட 19 மி.மீ. கீழே இருந்தால்தான் மணிக்கட்டு மடங்காமல் இருந்தது. லீவர் மையத்திலிருந்து முதல் பொத்தானின் மையம்வரை 60 மி.மீ. விட்டேன். அட்டையில் அது சரியாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் அட்டையில் லீவரின் உருண்டை இல்லை. அந்த உருண்டை 35 மி.மீ. அகலம், அதைப் பிடித்திருக்கும் கையின் அகலம் வேறு. உண்மையான ஸ்டிக்கில் இரண்டு கைகளும் அடிக்கடி உரசுகின்றன. அடுத்த தடவை அட்டையில் ஒரு எலுமிச்சை அளவு உருண்டையையாவது ஒட்டிவைத்துப் பார்ப்பேன்.

பெட்டி 36 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம். பக்கங்கள் 12 மி.மீ. பிளைவுட், உள்ளே ஆழம் 45 மி.மீ. மேல்பலகைக்கும் மிச்சமிருந்த 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகையையே போட்டேன். ஃபோர்ஸ்ட்னர் பிட்டில் 30 மி.மீ. ஓட்டைகள் அழகாக விழுந்தன. பொத்தான்களை அழுத்தினேன், உள்ளே போயின. பொத்தானின் கொக்கி பலகையின் அடி விளிம்பில் போய் மாட்ட வேண்டும். இந்தப் பலகை அதற்கு மிகத் தடிமன். கொக்கி பாதியிலேயே மரத்தில் நசுங்கி நின்றது. ஐந்து நிமிடம் விளையாடியதும் ஒரு பொத்தான் மேலே எழும்பியது. லீவருக்கும் இதே கதை. பலகையின் அடியில் தகட்டை வைத்து மாட்டினால் 12 மி.மீ. மரத்துக்குள்ளேயே போய்விடுகிறது, வெளியே தெரியும் தண்டு குட்டையாகி, உருண்டையை அடியிலிருந்து பிடிக்கும்போது விரல் நகம் பலகையில் இடித்தது. தடிமனான பலகையில்தான் செய்வேன் என்றால் பிளாஸ்டிக் நட்டு போட்டு இறுக்கும் வகைப் பொத்தானை வாங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பலகையைத் தூக்கிப்போட்டுவிட்டு 3 மி.மீ. அக்ரிலிக் வாங்கினேன். முதல் அக்ரிலிக் தாள் மூன்றாவது ஓட்டையில் விளிம்புவரை விரிந்தது. வட்ட ரம்பம் போட்டு வேகமாக ஓட்டியதுதான் தவறு. பல் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்துவிட்டது. இரண்டாவது தாளுக்குப் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பிட் வாங்கினேன். தாளின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப், அடியில் ஒரு வேண்டாத பலகை, சுற்றிலும் நான்கு கிளாம்ப். டிரில்லைக் குறைந்த வேகத்தில் வைத்து, 4 மி.மீ.க்கு ஒருமுறை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, துகளைத் தட்டிவிட்டு மறுபடி. பத்து ஓட்டைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்றுகூட விரியவில்லை. உள்விளிம்பைக் குழாய்த் துண்டில் சுற்றிய 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன்.

வெறும் 3 மி.மீ. அக்ரிலிக் லீவரை இழுக்கும்போது வளைகிறது. அதனால் அதன் அடியில் 9 மி.மீ. பிளைவுட் ஒன்றைச் சேர்த்தேன். ஆனால் இந்தப் பிளைவுட்டில் பொத்தான் ஓட்டைகளை 38 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, லீவர் தகடு உட்காரும் இடத்தில் ஜிக்சாவால் செவ்வகமாக ஒரு ஜன்னலும் வெட்டினேன். இப்போது கொக்கிகள் அக்ரிலிக்கின் அடி விளிம்பிலேயே மாட்டும். லீவர் தகடும் நேராக அக்ரிலிக்கின் அடியில் ஒட்டி நிற்கும், தண்டு 9 மி.மீ. உயர்ந்துவிட்டது. பிளைவுட் சுற்றியிருந்து பலம் கொடுக்கிறது. லீவருக்கு எம்4 ஸ்க்ரூ நான்கு, தலை மேல்மட்டத்தோடு அமுங்கும் வகை. அக்ரிலிக்கில் அந்தத் தலைக்கான குழியைக் கையாலேயே பிட்டைச் சுழற்றிக் குடைந்தேன். மெஷினில் செய்யத் துணிவில்லை.

ஒயரிங் எளிது என்பார்கள். சுற்று எளிதுதான். பிகோவின் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பொத்தான், எல்லாப் பொத்தானின் மறுகாலும் ஒரே கிரவுண்டுக்கு. தனியாக ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம், பிகோவுக்குள்ளேயே இருக்கிறது. கிரவுண்ட் ஒயரை ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்கு மாலைபோல் கோர்த்துக்கொண்டு போகலாம். பொத்தான்களுக்கு 2.8 மி.மீ. செருகு லக், அதாவது ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக இணைப்பு. என்னிடம் கிரிம்பிங் டூல் இல்லை. மூக்குக் குறடால் நசுக்கினால் போதும் என்று இருபது லக்கையும் நசுக்கினேன்.

அதற்கான விலையை மூன்று வாரம் கழித்துக் கொடுத்தேன். மீடியம் கிக் பத்துக்கு ஒருமுறை வரவில்லை. என் விரல் சரியாக விழவில்லை என்றே நினைத்து, அந்த விரலுக்கு மட்டும் தனிப் பயிற்சி செய்தேன், நான்கு நாள். ஐந்தாம் நாள் மீடியம் கிக்கோடு சேர்ந்து அதற்கு அடுத்த இரண்டு பொத்தான்களும் ஒரே நேரத்தில் செத்தன. அப்போதுதான் புரிந்தது. மாலைபோல் கோர்த்த கிரவுண்டில் நடுவில் ஒன்று தளர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் போய்விடும். அடிப்பலகையைத் திறந்து, மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு லக்கையும் ஆட்டிப் பார்த்தேன். இருபதில் ஆறு விட்டு விட்டு ஒலித்தன. கிரிம்பிங் டூல் வாங்கி எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கூடவே கிரவுண்ட் மாலையின் கடைசி முனையையும் பிகோவின் இன்னொரு கிரவுண்ட் பின்னில் கொண்டுபோய் இணைத்து வளையமாக்கினேன். இனி ஓரிடத்தில் விட்டாலும் மறுபக்கத்திலிருந்து இணைப்பு இருக்கும். பிகோவில் கிரவுண்ட் பின்கள் நிறைய இருப்பதால் இது இனாமாகக் கிடைத்த பாதுகாப்பு.

லீவரிலும் ஒரு குழப்பம். ஜேஎல்எஃபின் அடியில் நான்கு மைக்ரோஸ்விட்ச் இருக்கும். ஐந்து கம்பிக் கேபிள் ஒன்று வெளியே வரும், கருப்பு கிரவுண்ட். லீவரை வலப்பக்கம் சாய்த்தால் அடியில் உள்ள தண்டின் நுனி இடப்பக்கம் போகும், அழுத்தப்படுவது இடப்பக்க ஸ்விட்ச். இதை யோசிக்காமல் ஸ்விட்ச் இருக்கும் பக்கத்தைப் பார்த்து ஒயர் கொடுத்தேன். எல்லாத் திசையும் தலைகீழ். அதைச் சரிசெய்த பிறகும் இடம் வலம் மாறியே இருந்தது. ஃபர்ம்வேரின் வழக்கமான வரிசையில் பின் 2 மேல், 3 கீழ், 4 வலம், 5 இடம். நான் இடம், வலம் என்ற வரிசையில் கொடுத்திருந்தேன். வரைபடத்தை ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

ஃபர்ம்வேர் ஏற்றுவது நிஜமாகவே எளிது. பிகோவில் இருக்கும் ஒரே பொத்தானான பூட்செல்லை அழுத்தியபடி கணினியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். யூஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. எனக்கு முதல் நாள் அது தெரியவே இல்லை. போர்டு பழுது என்று நினைத்துவிட்டேன். நான் எடுத்த கேபிள் சார்ஜுக்கு மட்டுமானது, தரவுக் கம்பி இல்லாதது. வேறு கேபிள் போட்டதும் வந்தது. பிறகு ஸ்டார்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு செருகி, உலாவியில் 192.168.7.1 என்று போட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். பின்களை மாற்றுவது, பொத்தான்களின் வேலையை மாற்றுவது எல்லாம் அங்கேதான்.

கடைசியாக எடை. முடித்தபோது பெட்டி 1.4 கிலோ. மடியில் வைத்தால் லீவரை இழுக்கும் பக்கமெல்லாம் பெட்டியும் வந்தது. அடிப்பலகையின் உள்ளே 1.2 கிலோ இரும்புத் தகட்டை ஒட்டி, வெளியே முழு அகலத்துக்கும் ரப்பர் தாள் போட்டதும் அசையாமல் உட்கார்ந்தது. தகட்டுக்கு மேலே மெல்லிய ஃபோம் வைத்தேன், பிகோவின் கால்கள் இரும்பில் படாமல் இருக்க. லீவர் ஸ்விட்சுகளின் டக் டக் சத்தமும் அதனால் பாதியாகக் குறைந்தது. இரவில் விளையாடுபவர்களுக்கு இது தேவைப்படும்.

இனி கணக்கு. ஸ்டிக்கில் முதல் வாரம்: 236 இடப்பக்கம் 31, வலப்பக்கம் 22. 623 இடப்பக்கம் 17, வலப்பக்கம் 9. வட்டம் 24. வட்டத்தைத் தவிர எல்லாம் பேடைவிட மோசம். ஆனால் பாரி, அதாவது இரண்டு பொத்தான் சோதனை, முதல் நாளே 49. ஸ்டிக்கில் அந்த இரண்டும் மேலும் கீழுமாக ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. நடுவிரலும் கட்டைவிரலும் கிள்ளுவதுபோல் விழுந்தால் போதும்.

இடது கைக்கு வந்த சிரமத்தில் பாதி நான் பிடித்த விதம். உருண்டையை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு திசையிலும் தண்டு கேட்டில் இடிக்கும்வரை தள்ளினேன். கேட் என்பது லீவரின் அடியில் தண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கும் பிளாஸ்டிக் சட்டம். ஜேஎல்எஃபில் அது சதுரம். ஸ்விட்ச் அழுந்துவது கேட்டில் இடிப்பதற்கு வெகு முன்னாலேயே. மீதி தூரம் முழுக்க வீண், திரும்பி வரும்போதும் வீண். இது தெரியாமல் சதுரத்தைக் குறை சொல்லி எண்கோணக் கேட் வாங்கினேன். நான்கு கொக்கிகளை விலக்கினால் கேட் கழன்றுவிடும், ஒரு நிமிட வேலை. எண்கோணத்தில் எட்டுத் திசைக்கும் கையில் ஒரு பள்ளம் தெரியும். அது இதமாக இருந்தது, ஆனால் என் எண் ஏறவில்லை. கைல் என்ற வீரரை எடுத்து, அவருடைய அடிகளுக்காகக் கீழ்ப்பின் மூலையில் லீவரைச் சற்று நேரம் பிடித்து வைத்தபோது கை தானாகவே வழுக்கிப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போனது. சதுரத்தில் அந்த மூலை ஒரு பொந்துபோல் தண்டைப் பிடித்து வைத்திருக்கும். பத்தாம் நாள் சதுரத்துக்கே திரும்பினேன். உருண்டையை அடியிலிருந்து மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே தண்டு வருமாறு தளர்வாகப் பிடித்து, கேட்டில் இடிக்கும் சத்தம் கேட்காமல் 236 போடுவதையே பயிற்சியாக வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் எண்கள் நகர்ந்தன.

நான்காம் வாரம் 623 இடப்பக்கம் 34, வலப்பக்கம் 31. எட்டாம் வாரம் 43, 42. 236 இரண்டு பக்கமும் 47. வட்டம் 41. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண் என்பதைப் பார்த்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். பேடில் பத்து வித்தியாசம் இருந்தது, ஸ்டிக்கில் ஒன்று. ஸ்டிக் இரு பக்கத்தையும் சமமாக்குகிறது, கட்டைவிரலுக்கு அது இயலாது என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

அந்த வரிதான் பிறகு உறுத்தியது. கட்டைவிரலுக்கு இயலாது என்றால் பேடில் ஆடுபவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள்? 2014-இல் ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை லஃபி என்ற பிரெஞ்சு வீரர் வென்றது முதல் பிளேஸ்டேஷனின் பேடை வைத்துத்தான். குறிப்பேட்டின் முதல் பக்கங்களுக்குத் திரும்பிப் போய், பேடில் வலப்பக்கம் தவறிய 17 தடவையில் எந்தத் திசை விட்டுப்போனது என்று எண்ணினேன். 13 தடவை இடது திசை. வலப்பக்கம் நின்றால் முன்னால் என்பது இடதுதானே. 236 வலப்பக்கம் குறைந்ததும் அதே திசையால்தான். விரல் தடுமாறியிருந்தால் தவறு எல்லாத் திசையிலும் சிதறியிருக்கும். ஒரே திசையில் குவிந்திருக்கிறது என்றால் அது பொருளின் பழுது. இந்தத் தகவல் ஸ்டிக்குக்கு முன்பிருந்தே என் கையில் இருந்தது. நான் மொத்த எண்ணை மட்டும் பார்த்தேன்.

பேடை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை ரப்பரை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு மொட்டையும் விரலால் அமுக்கினேன். இடது மொட்டின் அடிவளையத்தில் முடி அளவு விரிசல், கிட்டத்தட்ட பாதிச் சுற்றுக்கு. சும்மா கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அமுக்கும்போது மட்டும் வாய் திறக்கிறது. அதனால் அந்தப் பக்கம் நேராக இறங்காமல் சாய்ந்து இறங்கி, கார்பன் பொட்டின் ஓரம் மட்டும் போர்டில் பட்டிருக்கிறது. ஆல்கஹாலில் துடைத்து ஆவது ஒன்றுமில்லை. புது ரப்பர் வரவழைத்துப் போட்டேன். 236 வலப்பக்கம் 48. 623 வலப்பக்கம் 45, இடப்பக்கம் 44. எட்டு வாரப் பயிற்சியில் ஸ்டிக்கில் எட்டிய எண்ணை விடவும் கூட.

சூட்டோடு சூடாக இன்னொன்றும் செய்தேன். ஆட்டத்தின் பொத்தான் அமைப்பில் மீடியம் பஞ்ச், மீடியம் கிக் சேர்ந்த பாரியை இடது தோள்பட்டைப் பொத்தான் ஒன்றுக்குக் கொடுத்தேன், ஹெவி கிக்கை ஆழமான டிரிகரிலிருந்து எடுத்து இன்னொரு தோள்பட்டைப் பொத்தானுக்கு மாற்றினேன். பாரி 50-க்கு 50. காசே ஆகாத வேலை, முதல் நாளே செய்திருக்கலாம்.

அப்படியானால் ஸ்டிக்கில் மிஞ்சுவது என்ன என்று இந்த வாரம் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். வட்டம் மிஞ்சுகிறது: பழுது நீங்கிய பேடிலும் அது 22-ஐத் தாண்டவில்லை, ஸ்டிக்கில் 41. ஸாங்கீஃபை ஆடுவதென்றால் எனக்கு ஸ்டிக்தான். வலி இல்லாததும் மிஞ்சுகிறது. இரண்டு மணி நேரம் ஆடினாலும் இடது கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, மணிக்கட்டும் முன்கையும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. வலது கையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு விரல் தயாராக நிற்பதும் மிஞ்சுகிறது. பேடில் ஒரே கட்டைவிரல் நான்கு பொத்தானுக்கு ஓட வேண்டும். பேடின் பக்கம் நிற்பவை: முன்னால் இரண்டு தட்டு தட்டி ஓடும் டாஷ், சட்டென்று பின்னால் வந்து தடுப்பது. கட்டைவிரல் நகர வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர்தான், லீவர் நடுவைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். ரியுவை ஆடும்போது எனக்கு இன்னும் பேடே வேகம்.

என்னைக் கேட்டால், இரண்டு கைகளையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள் என்பேன். என் வலது கையின் பிரச்சினை ஸ்டிக்கில் முதல் நாளே தீர்ந்தது, இடது கை எட்டு வாரம் எடுத்தது. உங்களுக்கு வலது கைதான் சிரமம் என்றால் பொத்தானை மாற்றி அமைப்பதிலேயே முடியலாம், அல்லது முகப்பில் ஆறு பொத்தான் உள்ள பேட் போதலாம். இடது கை என்றால் முதலில் எந்தத் திசை தவறுகிறது என்று எண்ணுங்கள்.

செலவைப் பங்காகச் சொல்கிறேன். மொத்தத்தை 100 என்று வைத்தால் லீவரும் பொத்தான்களும் 48, பிகோ 6, நின்ற மரமும் அக்ரிலிக்கும் 17, ஒயர், லக், ஸ்க்ரூ, இரும்புத் தகடு, ரப்பர் தாள் 11. வீணானவை, அதாவது தடிமன் பலகை, உடைந்த அக்ரிலிக், எண்கோணக் கேட், முதல் தடவை நசுக்கிய லக்குகள், 18. கிரிம்பிங் டூல், ஸ்டெப் டிரில் இரண்டும் இந்தக் கணக்கில் இல்லை, அவை இன்னொரு 30. பேடின் ரப்பர் அதே அளவில் 2.

அடுத்த மேல்தட்டுக்கு அக்ரிலிக் வாங்கி வைத்திருக்கிறேன். லீவருக்கும் முதல் பொத்தானுக்கும் நடுவே 60-க்குப் பதில் 72 மி.மீ. குறித்தாகிவிட்டது. ஸ்டார்ட் பொத்தானைப் பெட்டியின் பின்பக்கத்துக்குத் தள்ளுகிறேன். ஆட்டத்தின் நடுவில் இரண்டு தடவை உள்ளங்கை பட்டு நின்றுபோனது. பெட்டியின் முன்விளிம்பை அரை அங்குல வட்டமாகச் செதுக்க வேண்டும், செங்கோணமாக இருப்பதால் மணிக்கட்டில் கோடு விழுகிறது. பேடுக்கு ரப்பர் வாங்கும்போது இரண்டாக வாங்கினேன். மிச்சமானது ஸ்டிக்கின் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன பையில் இருக்கிறது.